இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்

பத்து நாளில் விரல் நகம் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதற்கு மேல் வளராது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து தவறுதலாக இரண்டு முறை பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளும் காலமும் அதே பத்து நாள்தான். நகம் வெட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இவ்வளவு சின்னத் துண்டுக்கா மனிதர்கள் இத்தனை கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

டீ நன்றாக இருக்கிறது, மேடம். நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு நேருக்கு நேர் பேச வராது. அதனால் உங்களைப் பார்க்காமல் அந்த ஜன்னலைப் பார்த்தபடி பேசுவேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் என்றால் நன்றாகப் பேசுவேன். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர். எங்கள் கிளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூட ரப்பர் வாசம்தான் வரும். என் இடம் நகல் எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில். அது வேலை செய்யும்போது என் கணுக்காலில் சூடான காற்று அடிக்கும். மழைக்காலத்தில் அது பெரிய சுகம். கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுக்கு ஆக்ஸிஜன் தரும் மெஷின் என்று நோயாளிகளுக்கு வேண்டியதையெல்லாம் வீட்டுக்கு வாடகைக்கு அனுப்புகிறோம். வாடகையை மாதம் ஐந்தாம் தேதி வாடிக்கையாளரின் பேங்க் கணக்கிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்வோம். ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போதும், அவர்கள் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் நாங்களும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேதியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்று போன தடவை கேட்டீர்கள். ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. இங்கே கிடைத்தது. இதில் கதை ஒன்றும் இல்லை.

சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் எனக்கு நான்கு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். வணக்கம், எப்படி உதவட்டும். சிரமத்துக்கு வருந்துகிறோம். பத்து நாளுக்குள் பணம் வந்துவிடும். இந்த மூன்றையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். நாலாவதைச் சொல்லிக்கொடுத்தபோது மட்டும் கதவைச் சாத்தினார்.

"இதை அவங்களா இந்த வசதியோட பேரைச் சொல்லிக் கேட்டா மட்டும் சொல்லு. நாமளா வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிட்டா நம்ம கம்பெனிக்குக் கரும்புள்ளி வைப்பாங்க. புரியுதா?"

புரிந்தது. நான் வாயைத் திறக்காதவள். அதனால்தான் அந்த இடத்துக்கு என்னைப் போட்டிருக்க வேண்டும். நாலாவது வாக்கியத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு ஐந்தாம் தேதி சூப்பர்வைசர் பேங்குக்கு ஏற்கெனவே அனுப்பிய வாடகைப் பட்டியலையே மறுபடி அனுப்பிவிட்டார். நாற்பது பேருக்கு இரண்டு வாடகை போய்விட்டது. எங்கள் ஆபீசில் இப்படி எது நடந்தாலும் பழி சிஸ்டத்தின் மேல் விழும். வீட்டுக்கு வந்த மருமகளைப் போல அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். நாற்பது பேரும் எனக்குப் போன் செய்தார்கள். உங்க அப்பன் வீட்டுக் காசா என்றார் ஒருவர். உன் பேரைச் சொல்லு, உன்னை என்ன பண்றேன் பாரு என்றார் இன்னொருவர். நான் ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்று வாக்கியங்களையும் வரிசையாகச் சொன்னேன்.

முப்பத்தெட்டாவதோ முப்பத்தொன்பதாவதோ வந்தது கண்டக்டர் ஐயாவின் போன்.

"வணக்கம்மா. ஒரு ஆளு, ஒரு சீட்டு. ரெண்டு டிக்கெட் கிழிச்சிருக்கீங்க."

நான் சிரமத்துக்கு வருந்தினேன்.

"நீ எதுக்கும்மா வருந்துற? நீயா கிழிச்ச?"

"இல்ல ஐயா. சிஸ்டம்."

"அப்ப சிஸ்டத்தை வருந்தச் சொல்லு. நீ சாப்பிட்டியா?"

மணி மூன்று. நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா நல்லவள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். வருகிறவர்களிடம் அத்தான் பெருமையாகச் சொல்வார்: "வீட்ல இப்படி ஒரு ஆள் இருக்குன்னே தெரியாதுங்க. அவ்வளவு அமைதி." அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை ஒரு வசதியாக நினைத்தார்.

ஐயா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீசல் புகையும் சொந்தப் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன என்றார். எங்கள் ஆக்ஸிஜன் மெஷின்தான் அவருடைய மூச்சு. அவர் பேசும்போது பின்னால் அது புஸ், புஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை அவர் நிறுத்துவார். அந்த இடைவெளியில் மெஷின் பேசும். மூன்று பேர் பேசிக்கொள்வது போல இருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் அவருக்கு விளக்கினேன். உள்ளே ஜியோலைட் என்று சின்னச் சின்ன மணிகள் இருக்கும். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் வெளியே வரும். பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்ததையெல்லாம் அப்படியே விட்டுவிடும். எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாது. "நல்ல மணிம்மா, கைச்சுத்தம்" என்றார். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

பதிலுக்கு அவர் பஸ் கதைகள் சொன்னார். அதில் ஒன்றை நீங்கள் கேட்க வேண்டும்.

"காலைல சில்லறையே இருக்காதும்மா. டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கியை எழுதிக் குடுத்துட்டு, எறங்கும்போது வாங்கிக்கங்கன்னு சொல்லிருவேன். பாதிப் பேரு மறந்துட்டு எறங்கிருவான். சாயங்காலம் பையில மிச்சம் நிக்கும்."

"அதை என்ன பண்ணுவீங்க?"

"டீ குடிப்பேன். வேற என்ன பண்ண? ஆனா கேட்டவனுக்கு இல்லைன்னு சொன்னதே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப நீதான் கண்டக்டரம்மா. நான் பிரயாணி. மறக்காம கேட்டுக்கிட்டே இருப்பேன், பாத்துக்க."

சொன்னபடி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் காலையில் நான் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். பிறகு பணம் வந்துவிட்டது.

"வந்துருச்சும்மா. இனி உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"சரி ஐயா" என்றேன்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. அடுத்த மாதம் முழுவதும் அவர் போன் செய்யவில்லை. நானாகச் செய்ய முடியாது. காரணம் இல்லாமல் ஒருவருக்குப் போன் செய்து என்ன பேசுவது? அக்காவுக்கே நான் அப்படிச் செய்ததில்லை.

இனி டிக் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் தேதி மாலை பேங்கிலிருந்து பதில் வரும். யாரிடம் பணம் வந்தது, யாரிடம் வரவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. வராதவர்களின் வரியில் 'மறுபடி அனுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டால் இன்னொரு முறை பணம் எடுக்கப் போகும். ஏற்கெனவே பணம் வந்துவிட்டவர்களின் வரியிலும் அந்தக் கட்டம் திறந்தே இருந்தது. இருக்கக் கூடாது. புரோகிராம் எழுதியவர் மறந்திருக்கிறார். இந்தக் குறையை நான் எழுத்தில் கொடுத்தேன், மேடம். சூப்பர்வைசர் அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

யாரும் கவனிக்கவில்லையே என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். எங்கள் கிளையில் கூட்டுத்தொகையைத்தான் பார்ப்பார்கள். அது எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் கூட்டம் போடுவார்கள். கூடினால் சந்தோஷப்படுவார்கள்.

ஒரே ஒரு வரியில் டிக் போட்டேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. சோதனைக் குழாயில் கடைசிச் சொட்டு விடும்போதுகூட என் கை நடுங்காது. என் பேராசிரியை அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்.

இரண்டு நாளில் போன் வந்தது.

"என்ன கண்டக்டரம்மா. மறுபடியும் ரெண்டு டிக்கெட்டா?"

"சிரமத்துக்கு வருந்துகிறோம் ஐயா."

"சிஸ்டம் இன்னும் வருந்தலையா?"

நான் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்து அவர் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மாதா மாதம் டிக் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு காசு நான் எடுக்கவில்லை. அந்த ஜியோலைட் மணியைப் போலத்தான். கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் மூன்று நாளில் விட்டேன். பிறகு ஐந்து நாள். போகப் போகப் பத்து நாளையும் எடுத்துக்கொண்டேன். அது கம்பெனி எனக்குக் கொடுத்த உரிமை.

அவர் வீட்டு அம்மாவின் குரலும் எனக்குப் பழகிவிட்டது. பின்னாலிருந்து கேட்கும்.

"யாருங்க அது, தெனமும்?"

"நம்ம கண்டக்டரம்மா."

"பணத்தை வாங்குற வழியைப் பாருங்க. ஊர்க்கதை பேசிக்கிட்டு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்குது. நீ போய் உலையைப் பாரு."

'நம்ம' என்றார். நான் அதை அன்று முழுவதும் வைத்திருந்தேன்.

ஒரு முறை அவர் கேட்டது உண்மைதான். நீங்கள் போன் பதிவைக் கேட்டிருப்பீர்கள். "ஏம்மா, இதைச் சீக்கிரம் வாங்க வேற வழி ஏதாச்சும் இருக்கா?" என்றார். நான் பத்து நாளுக்குள் வந்துவிடும் என்றேன். பேரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் சொல் என்பதுதான் விதி. அவர் அந்த வசதியின் பேரைச் சொல்லவில்லை. வேற வழி என்றுதான் சொன்னார். நான் விதியை மீறியதே இல்லை.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

மின்சார ஆபீஸ்காரர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர் தெருவில் கம்பி மாற்றும் வேலை. புதன்கிழமை காலை பத்து முதல் நாலு வரை கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் ஓடாது. அந்த மாதிரி நேரத்துக்கு அவர் வீட்டில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் உண்டு. அது காலியாக இருந்தது. திங்கட்கிழமை போன் செய்தார்.

"மூலைல நிக்குதும்மா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஒரு வேலையும் செய்யாது. கேஸ் அடைக்கிற கடைக்காரன் கைல காசு வெச்சாத்தான் தொடுவேங்கிறான். பென்ஷன் வந்துச்சு. அதைத்தான் நீங்க ரெண்டு டிக்கெட்டாக் கிழிச்சிட்டீங்களே. நாளைக்குள்ள போட்டுருவியாம்மா?"

"பத்து நாளுக்குள்ள வந்துரும் ஐயா."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"ஆறு."

"சரி, சரி. கண்டக்டர் சொன்னாச் சரிதான்."

திங்கட்கிழமை மூன்று தடவை பேசினார். செவ்வாய்க்கிழமை நான்கு தடவை. இரண்டு நாளில் ஏழு போன், மேடம். ஒருவர் என்னை அந்த அளவுக்குத் தேடி நான் பார்த்ததில்லை. வருஷத்திலேயே எனக்கு நல்ல இரண்டு நாட்கள் அவைதான்.

'அவசரம்' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் பணம் போய்விடும். அழுத்த வேண்டியவள் நான்தான். செவ்வாய்க்கிழமை மதியம் அதன் மேல் விரலைக்கூட வைத்தேன். பிறகு யோசித்தேன். இப்போது அனுப்பிவிட்டால் அவர் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். கரண்ட் இல்லாத நாளை எப்படிச் சமாளித்தார் என்று வியாழக்கிழமை அவர் வாயால் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. நிச்சயம் நல்ல கதையாக வைத்திருப்பார். விரலை எடுத்துவிட்டேன்.

கடைசிப் போனில் அவர் மூச்சு அதிகமாக வாங்கினார். "எறங்குற ஸ்டாப் வருதும்மா" என்றார். "சில்லறையைக் குடுத்துரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்தாவது நாள். விதிப்படி அன்று பணத்தைப் போட்டேன். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஐயா வீட்டு அம்மா பேசினார்.

"மெஷினை எடுத்துட்டுப் போயிருங்கம்மா. இனி வேண்டாம்."

நான் சிரமத்துக்கு வருந்தினேன். அவரே எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து வீட்டில் கொஞ்சம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காசுக்குக் கடைக்காரர் பாதி சிலிண்டர்தான் அடைத்துக் கொடுத்தார். அது இரண்டு மணி வரை வந்தது. அம்மா செருப்புக்கூடப் போடாமல் கடைக்கு ஓடியிருக்கிறார். கடையில் சாப்பாட்டு நேரம், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கெஞ்சி வாங்கி வருவதற்குள் வீட்டில் யாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை. கரண்ட் சொன்னபடி நாலு மணிக்குச் சரியாக வந்தது. மெஷின் தானாக ஓடத் தொடங்கி, புஸ் புஸ் என்று மூக்குக் குழாயில் காற்றை ஊதிக்கொண்டே இருந்ததாம். அதை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லையாம்.

"உன்னைப் பத்தி நெறைய பேசுவாரும்மா" என்றார் அம்மா. "தங்கமான பொண்ணு, பாவம், அந்தப் பிள்ளை என்ன பண்ணும், எல்லாம் சிஸ்டம் பண்றதுன்னு சொல்லுவாரு. நீ சாப்பிட்டியாம்மா?"

மின்சாரத்தை நிறுத்தியது நான் இல்லை, மேடம். பாதி சிலிண்டர்தான் அடைக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னதும் நான் இல்லை. பீடி பிடித்ததும் நான் இல்லை. இதையெல்லாம் ஒரு சமன்பாட்டில் எழுதினால் என் பங்கு மிகச் சின்ன எண்ணாகத்தான் வரும்.

பிறகு ஏன் அடுத்த மாதமும் டிக் போட்டாய் என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் மாறியது. அது எனக்குப் புரியவில்லை. மெஷின் திரும்பி வந்துவிட்டது. கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் முடிந்த கணக்கின் வரியிலும் அந்தக் கட்டம் திறந்தே இருந்தது. அம்மா என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டிருந்தார். அவர் குரலும் எனக்குப் பிடித்திருந்தது. தனியாக இருப்பவர், அவருக்கும் பேச ஒரு ஆள் வேண்டியிருக்கும். முதல் வாரம் மட்டும் அழுவார், பிறகு பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பத்து நாளும் காத்திருந்தேன்.

அம்மா எனக்குப் போன் செய்யவில்லை. ஐயாவின் கணக்கைத் தன் பெயருக்கு மாற்ற பேங்குக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்த பையன் கணக்கைப் பார்த்துவிட்டு, இதென்ன, முடிந்த வாடகையைப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். பிறகு அவன் அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். அம்மா ரொம்ப நேரம் கவுன்டர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார். இப்போது அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உள்ளே வரும்போது கதவுக்கு வெளியே அவருடைய செருப்பைப் பார்த்தேன். பஸ் டயரில் வெட்டித் தைத்த செருப்பு. ஐயா தைத்துக் கொடுத்தது. அந்தக் கதையும் எனக்குத் தெரியும்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் என்றீர்கள். முதல் போனிலேயே ஐயாவுக்கு நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று. அதுதான் அந்த நாலாவது வாக்கியம், மேடம். இதுவரை நான் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லப் பத்து வினாடிதான் ஆகும். கதவு திறந்திருப்பது எனக்குத் தெரிகிறது. பரவாயில்லை, அம்மா கேட்கட்டும். ஐயாவிடம் சொல்வது போலவே சொல்கிறேன்.

"நீங்க உங்க பேங்குல போய் ரெண்டு தடவை எடுத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஐயா, அவங்களே அன்னைக்கே பணத்தைத் திருப்பிப் போட்டுருவாங்க. பத்து நாள் காத்திருக்க வேண்டாம். எனக்குப் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல."